நேற்று வைத்த மீன் குழம்பு

அக்கா,

பழுது பார்க்கக் கொடுத்திருந்த மிக்ஸியை வாங்கப் போன இடத்தில் அவன் குரலைக் கேட்டேன். ரிப்பேர் செய்த டி.வி. ஒன்று ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கக் கடைக்காரர் போட்டு வைத்திருந்தார். நீ "கத்தறவன்" என்று பேர் வைத்தாயே, அந்த வெள்ளைக்காரச் சமையல்காரன், யாரோ ஒரு ஓட்டல் முதலாளியின் மூஞ்சிக்கு நேரே விரலை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தான். தமிழ் டப்பிங்கில் வாய் ஒரு பக்கம் போக, பேச்சு ஒரு பக்கம் போயிற்று.

"பிளேடு மாத்தியாச்சுங்க, ஒருக்கா ஓட்டிப் பாத்துடலாங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். பாவம் மனுஷன், ரிப்பேர் கூலி கொடுக்க வழியில்லாமல் அழுகிறேன் என்று நினைத்துவிட்டார் போல. "அப்பறமாக் குடுங்க, ஒண்ணும் அவசரமில்லீங்க" என்று சொல்லி டி.வி.யை நிறுத்தினார். நான் மிக்ஸியை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவனை நம் மெஸ்ஸுக்குள் கூட்டி வந்ததே நான்தான். குமாரபாளையத்தில் நூல் கம்பெனியில் பார்த்த வேலை போய், பெட்டியோடு உன்னிடம் வந்து நின்றேன். நாமக்கல்லில் திருச்செங்கோடு ரோட்டோரம், லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே, மாமா போன பிறகு நீ ஒற்றை ஆளாக நடத்திவந்த கடை. எதிரில் பிரியாணிக் கடை வந்ததிலிருந்து பாதி மேஜை காலியாகக் கிடந்தது. இன்னும் நாலு மாதம் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று நீயே சொன்னாய். என்னைப் பி.காம். படிக்க வைத்த கடை அது. அதை மூட விடுவேனா நான்? எனக்கும் வேறு போக்கிடம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

மத்தியானக் கூட்டம் ஓய்ந்து, நாலு மணிக்கு நீ பூண்டு உரித்துக்கொண்டு உட்கார்வாய். நான் போனில் அவன் நிகழ்ச்சியைப் போட்டு உன் பக்கம் திருப்பி வைப்பேன். ஈயடிக்கிற ஓட்டலுக்கு அவன் போவான். எல்லாவற்றையும் ஒரு வாய் தின்று துப்புவான். ஃபிரிட்ஜைத் திறந்து மோந்து பார்ப்பான். முதலாளியை வேலைக்காரர்கள் முன்னால் நிற்க வைத்துக் கிழிப்பான், முதலாளி அழுவார். விளம்பரம் முடிந்து பார்த்தால் புது பெயிண்ட், ஒரே பக்கத்தில் மெனு, வாசலில் வரிசை. கடைசியில் எல்லாரும் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள்.

"ஏன் அம்மிணி, அந்தக் கடையில பாத்தரம் கழுவற பொம்பளைய ஒருக்காக்கூடக் காட்ட மாட்டேங்கறானே?" என்று நீ கேட்டாய். இன்னொரு நாள், "இவங்கம்மா இவனை இந்தக் கத்துக் கத்தித்தான் வளத்துனாளா?" என்றாய். நான் சிரிக்கவில்லை. நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அப்படியொரு திமிர் எனக்கு.

அவன் சொன்னதெல்லாம் தப்பு என்று சொல்ல மாட்டேன். சாமான் நிறைய இருந்தால் சமையல் நன்றாக இருக்காது என்றான். பிரியாணிக் கடைக்குப் போட்டியாக நீ ஃபிரைட் ரைஸ், நூடுல்ஸ், சில்லி காளான் என்று பலகை முழுக்க எழுதி வைத்திருந்தாய். ஒன்றும் வாயில் வைக்கிற மாதிரி இல்லை, நீயே அதைத் தின்றதில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒன்பது பதார்த்தம் மட்டும் விட்டோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று உன் கடையை வாடிக்கைக்காரர் கண்ணால் பார் என்றான். போய் நின்று பார்த்தோம். வாசலை மறைத்துக் காலி சிலிண்டரும் வெங்காய மூட்டையும். "அடக் கருமமே, நாம்பளே உள்ள போக மாட்டோமாட்ட இருக்குது" என்று நீ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய். அன்று சாயந்திரமே இரண்டு பேரும் இழுத்துப் போட்டுச் சுத்தம் செய்தோம். அந்த வாரத்தை நினைத்தால் மட்டும் எனக்கு இப்போதும் வயிறு குளிர்கிறது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

என் நோட்டில் அடுத்த வரி, பழசு எதுவும் கடையில் இருக்கக் கூடாது. அதற்கடுத்த வரி, உண்மையை எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும், அப்போதுதான் முதலாளிக்கு உறைக்கும்.

சனிக்கிழமை மோகனூர் ஆற்று மீன் வரும். மத்தியானத்துக்கு வைப்பதற்கு மேலேயே ஒரு மண்சட்டி நிறைய நீ குழம்பு வைப்பாய். ராத்திரி ஒரு கொதி, விடியற்காலை ஒரு கொதி. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, இட்லியோடு அந்தக் குழம்புக்காகவே பட்டறை ஆட்கள் வருவார்கள். லீவு நாளிலும் குளித்துவிட்டு வருவார்கள். பெயிண்டர் மாஸ்டர் வந்ததும், "ஏனுங்க்கா, நேத்துக் குழம்பு இருக்குதுங்களா?" என்பார். "உங்களுக்கில்லாமயாங்க மாஸ்டர்?" என்பாய். புதுக் குழம்பு வேண்டுமா என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.

இது எனக்குத் தெரியாதா? ஜலகண்டாபுரத்தில் நம் வீட்டில் மேட்டூர் மீன் வாங்கினால், மறுநாள் காலைச் சட்டியைத் துடைக்க நானும் நீயும் அடித்துக்கொண்டவர்கள்தானே. தெரியும் அக்கா. நன்றாகத் தெரியும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு நான் உன் தங்கச்சியாக அடுப்படிக்குள் வரவில்லை. நோட்டோடு வந்தேன்.

மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். பாவாயியக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள், இட்லி ஊற்றுகிற அம்மாவும் இருந்தாள். "இது நேத்து வெச்சதுதானே? இதையா ஆளுகளுக்குக் காசு வாங்கிட்டு ஊத்தறே? இதெல்லாம் மனுசன் திம்பானா? கடை ஏன் படுத்துப்போச்சுன்னு இப்பத்தான் தெரியுது" என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன். எனக்குக் கத்தவே வராது, வரவழைத்துக்கொண்டு கத்தினேன். சட்டியைத் துணி போட்டுத் தூக்கி, பின்வாசல் சாக்கடையில் கவிழ்த்தேன். மீன் துண்டுகள் தொப்பு தொப்பென்று விழுந்தன.

திரும்பிப் பார்த்தால் நீ அழுவாய், நான் தோளைத் தொட்டு, எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்று சொல்ல வேண்டும். அப்படித்தானே அந்த நிகழ்ச்சியில் நடக்கும். நீ அழவில்லை. என் கையிலிருந்து சட்டியை வாங்கினாய். "சூடு கிது பட்டுதா அம்மிணி?" என்று கேட்டாய். குழாயடிக்குப் போய்ச் சட்டியைத் தேய்த்தாய். வெகுநேரம் தேய்த்தாய்.

கத்தறவன் நாலாம் நாள் விமானம் ஏறிப் போய்விடுவான். அந்த ஓட்டல்காரர்கள் அப்புறம் அவன் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. நமக்கு அப்படியா? ஒரே அறையில் பாய் போட்டுப் படுக்கிறவர்கள். ஒரே தட்டில் தின்கிறவர்கள். இந்த ஒரு விஷயத்தை அவன் எந்த வாரமும் சொல்லவில்லை, எனக்கும் அது தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நீ மறுநாளைக்கென்று மீன் குழம்பு சேர்த்து வைக்கவே இல்லை. மத்தியானம் மிஞ்சுகிற ஒரு கரண்டிப் பொரியலைக்கூட என்னிடம் கொண்டுவந்து, "இத வெக்கட்டுமா, கொட்டீரட்டுமா?" என்று கேட்பாய். குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. நிஜமாகவே கேட்டாய், வேலைக்கு வந்தவள் கேட்பது போல. நானும் மகராசி மாதிரி நின்று பதில் சொன்னேன். உப்புப் பார்க்கக்கூட என்னைக் கூப்பிட்டாய். உன் கைக்கு உப்பு நான் பார்க்க வேண்டுமா?

கடை தேறிவிட்டது, அதுதான் என் தலையில் மண்ணைப் போட்டது. மஞ்சள் பெயிண்ட், சின்ன மெனு, சுத்தமான கைகழுவும் இடம், பட்டறைகளுக்குப் பார்சல் என்று மேஜைகள் நிறைந்தன. நிறைய நிறைய, நான் செய்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது மாதம் அக்கா. ஒன்பது மாதத்தில் ஒரு நாள், பூண்டு உரிக்கிற நேரத்தில், "அன்னிக்கு நான் பண்ணினது தப்புக்கா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பொங்கலுக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். புதுச் சேலை எடுத்துக் கொடுத்துச் சொல்லலாம் என்று இருந்தேன்.

ஐப்பசியில் ஒரு காலை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தாய். "கேஸுதான், சோடா குடிச்சாச் சரியாப் போயிரும். ஆளுக வர்ற நேரம், நீ போய்ப் பாரு" என்றாய். நான் போய்ப் பார்த்தேன். இட்லி எடுக்கத் திரும்பி வந்தபோது நீ சுவரில் சாய்ந்திருந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்தது.

கருமாதி முடிந்த அன்று பாவாயியக்கா அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சின்னக்கா, ஒண்ணு சொல்லோணும். பெரியக்கா எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருந்துச்சு, இன்னி என்ன" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை குழம்பு கேட்டு வந்தவர்களிடமெல்லாம், "பொங்கிக் கெட்டுப்போச்சுங்க, நாந்தான் கவனிக்காம உட்டுட்டேன், கொட்டீட்டனுங்க" என்று நீ சொன்னாயாம். பாவாயியக்காவையும் இட்லி ஊற்றுகிற அம்மாவையும் பின்னால் கூப்பிட்டு, "தங்கச்சி பேரு வெளிய வரக் கூடாது. நாளைக்கு இந்தக் கடைய நடத்தப்போறவ அவ. சோத்தக் கொட்டறவன்னு ஆளுக நெனச்சுட்டா அவ கையில வாங்கித் திங்க மாட்டாங்க" என்றாயாம்.

நான் உன்னை இரண்டு பேர் முன்னால் தலைகுனிய வைத்தேன். நீ கடை நிறைய ஆட்கள் முன்னால் என் தலையை நிமிர்த்தி வைத்திருக்கிறாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்தேன். பட்டறை ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். நான் இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு நடுவில் போய் நின்றேன். "எல்லாருக்கும் ஒண்ணு சொல்லோணுங்க. அன்னிக்கு நேத்துக் குழம்பு பொங்கிப்போச்சு, கொட்டீட்டேன்னு எங்கக்கா சொல்லுச்சு. அது பொய்யிங்க. குழம்பு நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தானுங்க சாக்கடையில கொட்டினேன். அக்காவைக் கேவலமாப் பேசிக் கொட்டினேன்" என்றேன்.

பெயிண்டர் மாஸ்டர் தண்ணீர் டம்ளரை நகர்த்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியுமுங்க சின்னக்கா" என்றார்.

"பாவாயியக்கா சொன்னாங்களா?"

"ஒருத்தருஞ் சொல்லலீங்க. உங்கக்கா குழம்பப் பொங்க உடற ஆளா? கொட்டற கையா அது? அவங்க சொல்றப்பவே எங்களுக்குத் தெரிஞ்சு போச்சுங்க. நம்புனாப்பல இருந்துக்கிட்டோம், அவங்க மனசு நோகக் கூடாதுன்னு." இலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே, "இட்லி வைங்க சாமி, ஆறுது" என்றார்.

வைத்தேன். ஒவ்வொரு இலையாகக் குனிந்து வைத்தேன். யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அத்தனை பேரும் ஒன்பது மாதமாக எல்லாம் தெரிந்தே என் கையில் வாங்கித் தின்றிருக்கிறார்கள். உண்மையை முகத்துக்கு நேரே சொல்கிறேன் பேர்வழி என்று நான் ஒருத்திதான் அங்கே குதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போதும் கடை நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. சனிக்கிழமை மீன் வாங்குகிறேன், மறுநாளைக்கும் சேர்த்து வைக்கிறேன். பரவாயில்லை என்கிறார்கள். அந்தப் பரவாயில்லையின் அர்த்தம் எனக்குத் தெரியும். அவர்கள் என்னை மன்னித்துவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை அக்கா. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சட்டியை என் கையிலிருந்து வாங்கினாயே, அப்போது ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். இல்லை, அடுத்த ஒன்பது மாதத்தில் ஏதோ ஒரு நாள், யாரும் இல்லாத நேரம் பார்த்து, வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கலாம். நான் அழுதிருப்பேன், நீயும் அழுதிருப்பாய், அது அன்றோடு போயிருக்கும். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னைத் திட்டிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?