மைனாவுக்கு இனி ஊசி இல்லை

அஸ்தினாபுரம்,
பிப்ரவரி 2007

மருமகளாய் வந்த அன்பு மகள் ஷாயிஸ்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மாமாவும் நலம். கீழக்கரையில் உன் அம்மாவின் மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். நம் பூனை மைனா வெள்ளிக்கிழமை போய்விட்டது.

அதற்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று தாம்பரம் டாக்டர் எலியேசர் சொன்னது உனக்குத் தெரியும். சலைன் பையை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்குவேன். மாமா அதை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு மைனாவை மடியில் அமுக்கிப் பிடிப்பார். கழுத்துக்குப் பின்னால் தோலைத் தூக்கி ஊசியைச் செருகுவேன். முதல் நாள் என் விரலையே குத்திக்கொண்டேன். மருந்துத் தண்ணீர் தோலுக்கடியில் இறங்கித் திமில் போல நிற்கும், பிறகு வடிந்துவிடும். வைட்டமின் சொட்டை மீன் சாற்றில் கலந்து வைப்பேன். மழைக்காலம் முழுக்க நன்றாகத்தான் இருந்தது. நம் முதாசிரின் பழைய சட்டையை விரித்தால் அதில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

பொங்கலுக்குப் பிறகு மீன் சாற்றைக்கூட முகரவில்லை. பையைக் கையில் எடுத்தாலே கட்டிலுக்கடியில் ஒளியும். இழுத்து வந்து குத்தினேன். பக்கத்து வீட்டு முனியம்மா பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குக்கா அத்த இந்தப் பாடு படுத்தினு கீற? வுட்டுடேன்" என்றாள். எனக்கு ஆத்திரம் வந்தது. என் பிள்ளை முதாசிர் விபத்தில் போன பிறகு இந்த வீட்டில் அவன் கைபட்டு வளர்ந்த உயிர் இது ஒன்றுதான் என்று கத்திவிட்டேன். மறுநாள் மாமா மைனாவைப் பிடிக்க வரவில்லை. "இதுக்காகக் குத்தல பஷீரா. நமக்காகக் குத்துறோம்" என்றார். டாக்டரைக் கேட்டோம். இனி ஊசி வேண்டாம், மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஜும்ஆவுக்கு மாமா கிளம்பும் நேரம், என் மடியிலேயே மூச்சு அடங்கியது. அவர் தொழுதுவிட்டு வந்து கொல்லையில் குழி தோண்டினார்.

இன்னொரு விஷயம். உன் அம்மா பேசினார். உன் மறுமணத்துக்கு வந்திருக்கும் ராமநாதபுரத்து வரன் நல்ல இடம் என்றும், மாமி மனசு என்ன பாடுபடும் என்று சொல்லி நீ மறுக்கிறாய் என்றும் சொன்னார். என் மனசை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ சம்மதம் சொல்லு, கண்ணு. அல்லாஹ் உனக்கு நிறைந்த வாழ்வைத் தரட்டும். நிக்காஹ் தேதியை எங்களுக்கும் சொல்லு. நானும் மாமாவும் வந்து பெண் வீட்டார் பக்கம் உட்காருவோம்.

துஆவுடன்,
பஷீரா