குப்பைக்குள்ளயிருந்து எடுத்த கோடு

வியாழன், நவம்பர் 14

காலமை, பிள்ளை தங்கியிருக்கோ எண்டு டெஸ்ட் செய்தன். பெட்டியில சொன்ன மூண்டு நிமிசமும் பாத்துக்கொண்டு நிண்டன். ஒரு கோடுதான். குப்பைக்குள்ள எறிஞ்சுபோட்டு வேலைக்குப் போயிட்டன்.

பின்னேரம் வந்து பாத்தால், மாமி அதைக் குப்பையிலயிருந்து எடுத்து, பிளாஸ்டிக் பையில சுத்தி, சாமியறையில பிள்ளையாருக்குப் பக்கத்தில வைச்சிருக்கிறா.

"ரெண்டு கோடு, பிள்ளை! எனக்கு முதலே தெரியும். நாப்பது நாளா விடாமல் விளக்குக் கொளுத்திறாய்."

மாதத் துடக்கு வந்த நாளில நான் விளக்குக் கொளுத்திறேல்லை. அதை வைச்சுத்தான் மனுசி என்ர மாதத்தை எண்ணுறவ.

"மாமி, அது காய்ஞ்ச பிறகு விழுற கோடு. பத்து நிமிசம் போனால் பாக்கக்கூடாதெண்டு பெட்டியிலயே கிடக்கு."

"பெட்டிக்கென்ன தெரியும்?"

அதுக்குள்ள கனடாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சொல்லி முடிச்சிட்டா. இஞ்ச மோர்டனில இருக்கிற மச்சாள், மாமியின்ர மகள், போன் எடுத்தா. "இந்த முறையாவது கவனமா இரு. போன முறை ஷிப்ட், ஷிப்டெண்டு ஓடித்தானே அழிஞ்சது." இவர், என்ர மனுசன், பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தவர். எழும்பிப் போய் அந்தக் கோட்டைப் படம் எடுத்தார்.

எட்டு மணிக்கு வயித்துக்குள்ள இழுத்துது. போய்ப் பாத்தன். கொஞ்சம் இரத்தம். வழமையா வாறதுதானோ, இல்லை மாமி சொன்ன கோடு உண்மையாயிருந்து, அதுதான் போகுதோ, எனக்குத் தெரியேல்லை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

நாளைக்குக் காலமை நான் விளக்குக் கொளுத்தாட்டில் வீட்டுக்கே விளங்கிடும். கொளுத்தப் போறன். இந்த இரத்தத்தோட, அந்தப் பிளாஸ்டிக் பைக்கு முன்னால, மாமி கும்பிட்டுக்கொண்டு நிக்க, ரெண்டு திரி போட்டுக் கொளுத்தப் போறன்.