கூலர் இரைச்சலில் நீ பாடியது

இன்று மத்தியானம் கூலருக்குத் தண்ணீர் ஊற்றினேன். அதன் பக்கங்களில் காய்ந்து கிடந்த புல் தட்டிகள் நனைந்ததும் அந்த ஈர வாசனை அறை முழுக்கப் பரவியது. கூடவே நீயும் வந்துவிட்டாய். போன மாதம் பேப்பரில் நீ மறைந்த செய்தியைப் படித்ததிலிருந்து உன்னை நினைக்காமல் இருக்கத்தான் பார்த்தேன். வாசனையிடம் அதெல்லாம் நடக்குமா?

தொண்ணூறுகளில் டெல்லி சரோஜினி நகரில் எங்கள் அரசாங்கக் குவார்ட்டர்ஸின் பின் வராந்தாவை அடைத்து அப்பா ஓர் அறை பண்ணியிருந்தார். ஜாம்பியாவிலிருந்து படிக்க வந்த நீ அதில் குடியேறியபோது எனக்கும் உன் வயதுதான். உன் நிறத்தைப் பார்த்ததுமே சாத்திய கதவுகள் பலவற்றைத் தாண்டி வந்திருந்தாய். எங்கள் கதவு திறந்ததிலும் பெருமைப்பட ஒன்றுமில்லை. அப்பாவுக்கு வாடகை வேண்டியிருந்தது. அரசாங்க வீட்டில் உள்வாடகைக்கு ஆள் வைப்பது வெளியே தெரிந்தால் வீட்டையே பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் உனக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: சத்தம் கூடாது.

யாரிடம் போய்ச் சொன்னார் பார்! பல் தேய்க்கும்போதும் மெட்டுப் போடுகிறவள் நீ.

வழியை நீயே கண்டுபிடித்தாய். கோடை மத்தியானங்களில் கூலரை முழு வேகத்தில் ஓடவிட்டு, அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடுவாய். அந்த இரைச்சலில் உன் குரல் அடுத்த அறைக்குக்கூட எட்டாது. "எங்க ஊர்ல ஆறு இருக்குட்டி. இங்க கூலர் இருக்கு," என்பாய். என் அம்மாவிடம் கற்ற திருநெல்வேலித் தமிழ் உன் வாயில் புதுசாக இருக்கும்.

நான் வெறும் தரையில் படுத்துக் கிடப்பேன். திரைச்சீலை வழியே மஞ்சளாக வெளிச்சம் இறங்கும். நீ கட்டிய பாட்டுகளில் ஒரு பெண் மழைக்குச் சேதி அனுப்புவாள். இன்னொருத்தி சந்தையில் தன் குரலைத் தேடி அலைவாள். மொழி எனக்குப் புரியாது; அர்த்தமெல்லாம் நீ பிறகு சொன்னதுதான். கண்ணை மூடினால் அறை மெல்ல மிதக்கும். தூங்கினேனா, கேட்டேனா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

ஒரு நாள் பாட்டு உச்சிக்குப் போன நேரத்தில் கரண்ட் போய்விட்டது. கூலர் நின்றது. கண்ணை மூடியிருந்த நீ கவனிக்கவே இல்லை. உன் குரல் மட்டும் தனியாக எழுந்து பிளாக் முழுக்கப் போனது. எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. உன்னை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். எப்படி நிறுத்துவது? அவ்வளவு நன்றாக இருந்தது. பாட்டு முடிந்து எங்கிருந்தோ கைதட்டல் கேட்டதும்தான் கண்ணைத் திறந்தாய். "வீடு போச்சா?" என்றாய்.

தண்ணீர் மோட்டாருக்காக அம்மாவோடு ஓயாமல் சண்டை போடும் கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி மேலே வந்துவிட்டார். பாடியது யார் என்று இந்தியில் கேட்டார். அம்மா வாசலை மறித்துக்கொண்டு, "மேரீ பஹன் கீ பேட்டி," என்றாள். அக்கா மகளாம்! நீயோ அம்மாவுக்குப் பின்னால் ஒரு தலை உயரமாக நிற்கிறாய். ஆன்ட்டி அம்மாவைப் பார்த்தார், உன்னை அண்ணாந்து பார்த்தார், மறுபடி அம்மாவைப் பார்த்தார்.

"அச்சா," என்றார். நாளை மறுநாள் தன் மகள் கல்யாணத்துக்கு சங்கீத் என்று பெண்கள் கூடிப் பாடும் விழா வைத்திருப்பதாகவும், அக்கா மகளைப் பாட அனுப்பும்படியும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "வாயில தானா வந்துட்டுட்டி, நான் என்ன செய்ய?" அன்றிலிருந்து அவளை நீ சித்தி என்றே கூப்பிட்டாய்.

காலனிப் பூங்காவில் ஷாமியானாவுக்கு அடியில் பாடினாய். டோலக்கின் மேல் கரண்டியால் தட்டி அந்தப் பெண்கள் உன் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே வந்திருந்த ஒருத்தி உன்னை ஒலிப்பதிவுக்கு அழைத்துப் போனாள். அந்தக் காசெட்டோடு நீ ஊர் திரும்பினாய். லுசாகாவின் மினி பஸ்களில் அது ஓடியது, பிறகு வானொலியில், பிறகு நாங்கள் வரைபடத்தில் தேடிப் பார்த்த ஊர்களில். புகாரென்று எங்கள் மேல் யாரும் ஒரு வரி எழுதவில்லை.

சில வருடங்கள் கழித்து ஒரு குளிர்காலத்தில் கச்சேரிக்கு டெல்லி வந்தாய். ஒரு பாட்டின் நடுவில் எல்லா வாத்தியங்களும் சட்டென்று நின்றுவிட, நீ மட்டும் பாடினாய். அது உங்கள் மக்களின் பழைய சடங்கு என்று பக்கத்து இருக்கைக்காரர் விளக்கினார். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "சடங்காவது மண்ணாவது! கரண்ட்டுல்லா போயிருக்கு."

மறுநாள் டிவியில் உன்னைப் பேட்டி எடுத்தார்கள். முதல் மேடை எது என்ற கேள்விக்கு, டெல்லியில் ஒரு கல்யாண வீடு என்றாய். எந்தப் பகுதி என்று கேட்டதும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாய். "சொல்ல மாட்டேன். அங்கே என் சித்தி குடியிருக்கிறார். வீட்டைப் பிடுங்கிவிடுவார்கள்."

அப்பா அதற்குள் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸை ஒப்படைத்திருந்தார். கச்சேரிக்கு முன்னால் ஜனக்புரியில் எங்கள் சொந்த வீட்டுக்கு வந்து நீயே சாப்பிட்டுப் போயிருந்தாய். எல்லாம் தெரிந்தும் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அம்மா டிவிக்கு முன்னால் விசும்பி விசும்பி அழுதாள்.

அந்தப் பிடிவாதம்தான் இப்போது என்னிடம் இருக்கிறது. யார் கேட்டாலும் அந்த வீட்டின் எண்ணை நான் சொல்வதில்லை. இங்கேயும் உன் பெயரை எழுதவில்லை. இனிப் பறிபோக ஒன்றுமில்லை என்று தெரியாமல் இல்லை. நீ இன்னும் அந்த அறையில்தான் குடியிருக்கிறாய் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.