வாஷர் டப்பாவில் முப்பத்தெட்டு குளிகைகள்

மணக்காடு,
திருவனந்தபுரம்.
திங்கட்கிழமை காலை.

அன்பு மகன் கிரீஷுக்கு அப்பா தாணுமாலையன் எழுதுவது.

அம்மாவின் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதைத் தேடி நீ கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவாய். பிரஷர் இப்போது கட்டுக்குள் இருக்கிறது. வலது கால் லேசாக அசைகிறது, கை இன்னும் அசையவில்லை. பிசியோதெரபிக்கு வருகிற பூமாரி நேற்று அவளைக் கட்டில் விளிம்பில் பத்து நிமிஷம் உட்கார வைத்தாள். கஞ்சி இறங்குகிறது. பேச்சில் "சரி" என்ற ஒரு சொல்தான் மீந்திருக்கிறது. பசிக்கிறதா என்றாலும் சரி, வலிக்கிறதா என்றாலும் சரி.

தினமும் போனில் பேசுகிற கிழவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் சொல்ல ஏழெட்டுத் தடவை முயன்றேன். ஒவ்வொரு தடவையும் குவாஹாட்டியில் மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. எனக்கு இப்போது அதுதான் வேண்டும்.

அம்மா விழுந்து இன்றைக்கு நாற்பத்தாறு நாள். அதில் நாற்பது நாளாக நீ உன் தங்கையோடு பேசவில்லை. நீ வந்து ஐந்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிய மறுநாள், பிரஷர் மருந்து ஒரு மாதமாவது விட்டுப்போயிருக்கும் என்று டாக்டர் உன்னிடம் போனில் சொன்னார். நீ உடனே ஸ்வப்னாவைக் கூப்பிட்டு, ரெண்டு தெரு தள்ளி இருந்துக்கிட்டு அம்மைக்கு ஒரு குளிகைய ஒழுங்கா எடுத்து வைக்க முடியல்லியா, நீயெல்லாம் ஒரு மகளா என்று கேட்டாய். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஸ்வப்னா மறக்கவில்லை, கிரீஷ். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவள் தவறவில்லை. குளிகையை எடுத்தவன் நான்.

கார்த்திகையில் அம்மா குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டாள் அல்லவா? அப்போது எடுத்த ஸ்கேனில் எலும்பு மெலிந்திருக்கிறது என்று சொல்லி கால்சியம் குளிகை எழுதினார்கள். நான் வேலையற்றுப் போய் அவளுடைய மருந்துகளை ஒவ்வொன்றாகப் போனில் தேடிப் படித்தேன். ஆறு வருஷமாகப் பிரஷருக்குச் சாப்பிடுகிற அந்தச் சின்ன வெள்ளைக் குளிகை கால்சியத்தைத் தடுக்கிற வகை என்று போட்டிருந்தது. எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. எலும்பைத் தின்ற திருடன் இவன்தான் என்று முடிவு கட்டினேன். ஒரே லைனில் ஒருத்தன் வால்வைத் திறக்க, இன்னொருத்தன் அடைப்பானா? இதென்ன கூத்து? வாட்டர் அதாரிட்டியில் முப்பத்துநாலு வருஷம், அதில் பாதி அருவிக்கரையில், பம்ப் ஓட்டினவனுக்குப் பிரஷர் என்றால் என்னவென்று டாக்டரா சொல்லித்தர வேண்டும்? அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஸ்வப்னா ஞாயிறுதோறும் ஏழு அறை டப்பாவை நிரப்பிவிட்டுப் போவாள். அவள் கேட்டைச் சாத்தியதும் ஏழு அறையிலிருந்தும் அந்தச் சின்னதை மட்டும் பொறுக்கி, பைப் வாஷர்கள் போட்டு வைத்திருந்த என்னுடைய பழைய டப்பாவில் போட்டுவிடுவேன். எதையும் எறிந்து பழக்கமில்லாத கை. முதல் வாரம் மீதியிருந்த மூன்று, அப்புறம் ஐந்து ஞாயிறு. அம்மா கவனித்துவிட்டாள். இஞ்சேருங்க, அந்தக் குட்டிக் குளிகைய இப்பம் காணல்லியே என்று கேட்டாள். டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று கூசாமல் பொய் சொன்னேன். நீங்க சொன்னா சரிதான் என்று மற்றதையெல்லாம் விழுங்கினாள்.

பத்து நாளில், நெடுநாளாக இருந்த அவள் கணுக்கால் வீக்கம் வற்றியது. அந்த வீக்கம் குளிகையால் வந்ததுதானாம். அதில் மட்டும் என் கணிப்பு தப்பவில்லை, என்னைக் கெடுத்ததும் அதுதான். பழைய செருப்பு மறுபடியும் காலில் நுழைகிறது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தே போய்ப் பெருங்காயம் வாங்கி வந்தாள். பாத்தியாடி, நான் சொன்னா கேக்கணும் என்று நான் வேறு பெருமை பீற்றினேன்.

நாலாவது வாரம் வீட்டுப் பிரஷர் மெஷினில் பார்த்தபோது நூற்றெண்பத்தாறு காட்டியது. பம்ப் ஹவுஸில் முள் எகிறினால் நாங்கள் முதலில் கேஜைத்தான் தட்டிப் பார்ப்போம். பத்துக்கு எட்டுத் தடவை கேஜ்தான் கெட்டுப்போயிருக்கும். அதே புத்தியில் மெஷினை இரண்டு தட்டு தட்டி, பேட்டரி போய்விட்டது என்று அலமாரியில் வைத்தேன். பேட்டரி போகவில்லை, மகனே. அதற்குப் பன்னிரண்டாம் நாள் காலையில் தோசைக்கல்லை இறக்கப்போனவளின் கை அதைப் பிடிக்கவில்லை. கல் என் காலடியில் வந்து விழுந்தது. அப்புறம் அவள் விழுந்தாள்.

ஆஸ்பத்திரி வார்டில் ஜானவி என்று ஒரு சின்ன டாக்டர் இருந்தாள். கோட்டைக்குள் அக்ரஹாரத்துப் பெண். அவளிடம், என் சிநேகிதன் ஒருவனுக்குச் சந்தேகம் என்று புளுகி, பைப் லைனில் வால்வை அடைப்பது போலக் கால்சியத்தைத் தடுக்கிற குளிகை எலும்பைக் கெடுக்குமா என்று கேட்டேன். மாமா, அதுக்கும் எலும்புக்கும் சம்பந்தமே இல்லை, உங்க சிநேகிதர் ரத்தக்குழாயை இரும்புப் பைப்புன்னு நெனச்சுண்டிருக்கார் போலிருக்கு, அது உசிருள்ளதாச்சே என்றாள். ஒரு துண்டுச் சீட்டில் படம் போட்டும் காட்டினாள். குழாயின் சுவரில் தசை அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மிகச் சின்ன வாசல்கள். அவற்றின் வழியே கால்சியம் நுழைந்தால் தசை இறுகும், குழாய் ஒடுங்கும், பிரஷர் ஏறும். அந்த வாசல்களில் சிலதை ஒருக்களித்து வைப்பதுதான் குளிகையின் வேலை. இதில் அதிசயம் என்னவென்றால், குழாயின் உட்பக்கம் மெல்லிய தோல் போல வேறு அணுக்கள் பரவியிருக்கின்றனவாம். அவற்றுக்குள் அதே கால்சியம் போனால், தளர்ந்துகொள் என்று தசைக்குத் தகவல் போகுமாம். பிரஷர்க்காரர்களுக்கு அந்தத் தகவல் சரியாகப் போய்ச்சேர்வதில்லையாம். ஒரே சரக்கு, போகிற இடத்தைப் பொறுத்து இறுக்கவும் செய்கிறது, தளர்த்தவும் செய்கிறது. நான் முப்பத்துநாலு வருஷம் பார்த்த பைப் எதுவும் தானாக இறுகியதில்லை. வெடித்தால் ரோட்டைத் தோண்டி கிளாம்ப் போடுவோம். அம்மாவின் தலைக்குள் வெடித்த குழாயை எங்கே போய்த் தோண்டுவது? உங்க சிநேகிதர் குளிகையை நிறுத்திடலையே என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை என்றேன்.

அந்தச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதமாக அலைகிறேன்.

இப்போது ஸ்வப்னாவைப் பற்றி. அவளும் உன் பேச்சை நம்பிவிட்டாள். குளிகை அட்டைகள் காலியாகத்தான் இருக்கின்றன, நாளுக்கொன்று சரியாக இருக்கிறது. அப்படியும், அப்பாவுக்குள்ள டப்பாவுல மாத்திப் போட்டுட்டேனாக்கும், அம்மைய நாந்தான் இப்படிப் படுக்க வச்சிட்டேன் என்று அழுகிறாள். நேற்று டப்பாவை நிரப்பி, கொட்டி எண்ணி, மறுபடி நிரப்பி, மறுபடி கொட்டினாள். முக்கால் மணி நேரம். அச்சா, அவளுக்கு இப்ப அவ கையிலயே விஸ்வாசம் இல்ல, காஸ் அடச்சாச்சான்னு நாலு தடவ திரும்பிப் போறா என்று மருமகன் சஜி என்னைத் தனியாக அழைத்துச் சொன்னான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மனைவியைத்தான் படுக்கையில் தள்ளினேன் என்றால், மகளையும் பைத்தியமாக்கிக்கொண்டிருக்கிறேன். அதுவும் வாயை மூடிக்கொண்டே.

சனிக்கிழமை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டு, சிவகாமி, அந்தக் குட்டிக் குளிகையை டாக்டர் நிறுத்தவில்லை, நான்தான் எடுத்தேன், பொய் சொன்னேன் என்றேன். என்னையே பார்த்தாள். பிறகு "சரி" என்றாள். அவளிடம் மீந்திருக்கிற ஒரே சொல் அது. அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு அருகதை இல்லை. காலையில் பூமாரி குளிகை கொடுத்தால் வாயை இறுக்க மூடிக்கொள்கிறாள். நான் நீட்டினால் திறக்கிறாள். இன்னும் என் கையைத்தான் நம்புகிறாள், கிரீஷ். தூக்கில் போட்டாலும் இந்த வலி இருக்காது.

இதை ஸ்பீடு போஸ்டில் சேர்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப மாட்டேன். வாஷர் டப்பா பையில் இருக்கிறது, முப்பத்தெட்டும் அப்படியே இருக்கின்றன. தபால் ஆபீஸிலிருந்து நேரே ஸ்வப்னா வீட்டுக்குப் போய் அவள் முன்னால் வைக்கப் போகிறேன். வெளியே போ என்று சொன்னால் போய்விடுவேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள மட்டும் விடச் சொல்லிக் கேட்பேன்.

என்னை என்ன செய்ய வேண்டும் என்பதை நீ சாவகாசமாக யோசி. பேசாமல் இருக்க வேண்டுமென்றால் இரு, அந்த நாற்பது நாளும் எனக்குச் சேர வேண்டியதுதான். ஆனால் ஸ்வப்னாவை இனி ஒரு வாரம்கூடக் காக்க வைக்காதே. நான் உண்மையைச் சொன்னாலும் அவள் மறுபடி மறுபடி எண்ணுவது நிற்காது. அவளைக் குற்றம் சொன்னது நீ. நீதான் அதைத் திரும்ப எடுக்க வேண்டும்.

நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். உனக்கும் நாற்பது தாண்டிவிட்டது, பிரஷர் பார்த்துக்கொள். மெஷின் என்ன காட்டினாலும் நம்பு.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஸ்வப்னா அம்மாவின் டப்பாவை நிரப்ப உட்காருவாள். அந்த நேரம் பார்த்து அவளைக் கூப்பிடு, மக்களே. அவள் ஒரு தடவையோடு எண்ணி முடிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
தாணுமாலையன்.