நீங்கள் விற்காத செம்புச் சொம்பு

பாய்,

பிளாட்டினம் மருந்துக்கு அடங்காத புற்றுநோய்ச் செல்களை உங்கள் மகள் செய்த ருத்தீனிய உலோகச் சேர்மம் கொன்றிருக்கிறது. ஆய்வகத் தட்டில்தான், மனித உடலில் அல்ல. இன்னொரு ஆய்வகமும் செய்து பார்த்து உறுதிசெய்துவிட்டது. இன்று காலை தொலைபேசியில் அவளே சொன்னாள். நான் குறிப்பெடுத்த தாள் பறக்காமலிருக்க, மேலே உங்கள் செம்புச் சொம்பை வைத்தேன்.

அது என் தவறால் வந்த சொம்பு. அவள் ஆராய்ச்சியைத் தொடங்கியபோது, ‘உலோகத்தில் புற்றுநோய் மருந்து’ என்று தலைப்பிட்டுச் செய்தி எழுதினேன். உலோகத்தைச் சுற்றி எதைக் கட்டுகிறோம் என்பதில்தான் மருந்தே இருக்கிறது, வெறும் உலோகம் விஷம் என்று அவள் சொன்னதைக் கடைசிப் பத்தியில் போட்டேன். கடைசிப் பத்தியை யார் படிக்கிறார்கள்?

மறுநாள் உத்திரமேரூரில் உங்கள் பாத்திரக்கடை திறக்கும் முன்பே ஆட்கள் நின்றார்கள். முதலில் நின்றவர் பெருநகர் கிராமத்து அம்மா ஒருவர். மார்பில் கட்டி, பாதி சிகிச்சை.

“பாய், புத்துநோய்க்கு எந்த சொம்பு நல்லது? ஊசி போட்டா முடி கொட்டுது. இதுல தண்ணி குடிச்சிக்கினு வூட்டோட கெடக்கறேன்.”

எடுத்த சொம்பைத் திரும்ப அடுக்கில் வைத்தீர்கள். “யம்மா, எனக்கும் அதே நோவுதான். கட முழுக்க செம்பு கீது. நான் ஏன் ஊசிக்கு ஓடறேன்?”

அவரைக் காஞ்சிபுரம் புற்றுநோய் மருத்துவமனைக்கு நீங்களே பஸ் ஏற்றிவிட்டீர்கள். அந்த வாரம் முழுக்கச் செம்பு விற்கவில்லை. என்னைப் பார்த்ததும் அந்தச் சொம்பை நீட்டினீர்கள்.

“இன்னா ரிப்போர்ட்டரே, நல்லா யாவாரம் புடிச்சிக் குடுத்த! இத மேஜ மேல வெச்சிக்க. தலைப்பு போடறப்ப பாரு.”

திருத்தம் வெளியிட்டேன். அடுத்த மழைக்காலத்தில் உங்கள் உடம்பில் பிளாட்டினம் ஊசி வேலை செய்வதை நிறுத்தியது.

“பொண்ணு மருந்து எனக்கு எட்டுமா?”

“எட்டாது பாய்.”

சிரித்தீர்கள். “இப்பதான் செய்திய கரெக்ட்டா சொல்ற. டீ சொல்லு.” நாம் சேர்ந்து குடித்த கடைசி டீ அது.

பெருநகர் அம்மா சிகிச்சையை முடித்துவிட்டார். போன வாரம் பஸ் நிலையத்தில் பார்த்தேன். பின்னல் போடும் அளவுக்கு முடி. “துட்டு நீட்டியும் சொம்பு தரல அந்த மனுசன்” என்று இன்னும் குறைப்படுகிறார், சிரித்துக்கொண்டே.

இன்றைய செய்திக்கு ‘தட்டில் செல்கள் செத்தன, மருந்து இன்னும் இல்லை’ என்று தலைப்பு எழுதியிருக்கிறேன். எலிகளில் சோதனை நடக்கிறது. தை மாதக் கடைசியில் முடிவு தெரியும் என்கிறாள் உங்கள் மகள். மனிதர்களுக்கு எப்போது என்பது அவளுக்கே தெரியாது. அதை இந்த முறை முதல் பத்தியிலேயே போட்டுவிட்டேன்.