வாத்துக்கால் குறி

அன்பு மகள் சொலாஞ்சுக்கு அம்மா எழுதுவது. மொன்றியால் குளிர் உன் நெஞ்சில் ஏறாமலிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன், இங்கே அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர எல்லாம் சுகம். மலையில் பனி உருகிவிட்டது, இரண்டு வாத்துகளை நரி கொண்டுபோயிற்று.

நம் சின்ன ஆலயத்தின் கூரை வேலை முடிந்தது. எண்ணூறு வருடக் கட்டடம், அப்பா மூன்று மாதம் ஏறி இறங்கினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். தெற்குச் சுவரில் காரை உப்பியிருக்கிறதென்று தட்டப்போய், அடைத்துக் கிடந்த ஒரு குள்ள வாசலைக் கண்டுபிடித்தார். அதன் மேல்கல்லில் வாத்துக்கால் போல ஒரு குறி. உன் தாத்தாவின் உளிகளிலும் இதேதான் என்று வீட்டுக்கு ஓடிவந்து, பெட்டியோடு தூக்கிக்கொண்டுபோய் உன் வருங்கால மாமியாருக்கும் ரொட்டிக்கடைக்காரனுக்கும் காட்டினார். "பாத்தீங்களா, இந்தக் கோயிலக் கட்டினதே எங்க ஆளுங்க" என்று ஒரே பெருமை. அந்தக் குறி, அந்தக் காலத்தில் ஊர் தீண்டாமல் ஒதுக்கிவைத்திருந்த ககோ ஜனங்கள் சட்டையில் தைத்துக்கொள்ள வேண்டிய குறி. அவர்களுக்குத் தனி வாசல், தனித் தீர்த்தத் தொட்டி, நற்கருணை அப்பத்தைக்கூடக் கழி நுனியில் வைத்துத்தான் நீட்டுவார்கள். எனக்கு இது கல்யாணமான வருடமே தெரியும். அந்த உளிகளை அன்றே ஆற்றில் போட்டிருக்க வேண்டும்.

திறப்பு விழாவில் முன் வரிசை கிடைக்குமென்று அப்பா புதுச் சட்டை தைத்திருந்தார். உன் மாமியார் மதாம் லாபோர்த் பெரிய வாசலில் அப்பாவை மறித்து நின்றுகொண்டு, "பாஸ்கால், உங்க வாசல் அந்தப் பக்கம்ல? பழைய முறைய ஜனங்களும் பாக்கட்டுமே, சும்மா தமாஷுக்குத்தான்" என்றாள். அவர் முட்டி போட்டு நுழைந்தார். ரொட்டிக்கடைக்காரன் கழி நுனியில் ரொட்டியை நீட்டி, "விரலக் கடிச்சிடாதய்யா" என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். சம்பந்தம் கெடக் கூடாதென்று அப்பாவும் சிரித்தார், நானும் கைதட்டினேன். அன்றிலிருந்து அவர் பட்டறைப் பக்கம் போகவில்லை.

இப்போது அவள் ஜூன் கல்யாணத்துக்கு நீயும் அந்த வாசல் வழியாகத்தான் வரவேண்டும் என்கிறாள். "பொண்ணு எங்கேருந்து வந்தவன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு, இனிமே மறைக்கிறதுதான் அசிங்கம்" என்று சொல்லி, முடியாவிட்டால் மோதிரத்தை அனுப்பிவிடச் சொன்னாள். அவள் மகன் ரெமியாவது உன் பக்கம் நிற்பான் என்று நம்பி அவனுக்கு எழுதினேன். "ஒரு நிமிஷம் குனியறதுல என்ன இருக்கு அத்தை, அம்மா சந்தோஷப்படுவாங்க" என்று பதில் போட்டிருக்கிறான். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். கல்யாணமே வேண்டாம், குழந்தையை நாம் வளர்ப்போம் என்கிறார் அப்பா. அவருக்கு என்ன, ஊர்ப் பேச்சு கேட்பது நான். மூன்றாவது மாதம் என்று எழுதியிருக்கிறாய், ஜூன் தாண்டினால் வயிறு தெரியும். உன்னைக் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டேன்.

மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடு, பாரம் தூக்காதே. கடவுள் உன்னையும் உள்ளே இருப்பதையும் நல்லபடியாகக் காக்கட்டும். வாசலின் உயரம் ஒரு மீட்டர் பத்து, நானே போய் அளந்தேன், முக்காட்டைத் தாழ்வாகத் தைக்கச் சொல். நுழையும்போது தரையில் கை ஊன்றாதே, வெள்ளை உடையில் அழுக்கு பளிச்சென்று தெரியும்.

உன் நன்மையே நினைக்கும் அம்மா,
ஹென்ரியெட்