உங்கள் அறையில் ஒரு வேலைமேசை

காயல்பட்டினம்
ஞாயிறு காலை

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு ரிஃப்கா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே உம்மாவும் நம் மகள் ஆமிராவும் நானும் சுகம். உம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டுவிட்டு வருகிறது. ஆமிராவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் உங்களுக்குக் கோபம் வந்துவிடுகிறது. லைன் போய்விடுகிறது. லைன்தான் போனதா, நீங்களே வைத்துவிட்டீர்களா என்று யோசிப்பதிலேயே எனக்கு அரை நாள் போகிறது. உங்கள் அண்ணன் மஹ்மூது காக்காவின் மகன் அஃப்ஸல் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை தம்மாம் கிளம்புகிறான். அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை நீங்கள் அனுப்பிய குரல் செய்தியை மூன்று முறை கேட்டேன். என் அறையைப் பழையபடி ஆக்கு, சாமான்களைக் கடையில் திருப்பிக் கொடு, அதுவரை ஊருக்கு வர மாட்டேன் என்கிறீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆக்க மாட்டேன். கொடுக்கவும் மாட்டேன். ஏன் என்பதைப் பொறுமையாகப் படியுங்கள்.

அந்த டிசம்பர் வெள்ளத்தை நான் உங்களிடம் முழுதாகச் சொன்னதில்லை. மூன்று நாள் போன் கிடைக்காமல் நீங்கள் அங்கே துடித்துவிட்டீர்கள். பேச்சு கிடைத்ததும் எல்லாரும் சுகம் என்று மட்டும் சொன்னேன். நடந்தது இதுதான். வாசல் பக்கம் தெருவே ஆறாக ஓடியது. பின்னால் பெண்கள் நடக்கிற முடுக்குச் சந்துப் பக்கம் தரை கொஞ்சம் மேடு, அந்த வழியாகப் போய்விடலாம் என்று உம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தேன். பின்கதவு மழையில் ஊறி நிலையோடு இறுகிக் கிடந்தது. இழுத்தேன், உதைத்தேன். உள்ளே தண்ணீர் உம்மாவின் இடுப்புக்கு வந்துவிட்டது. ஆமிரா என் தோளில். வீடு முழுக்கத் தேடினால் தேங்காய் உடைக்கிற கத்தியைத் தவிர எங்கள் கையில் ஒன்றும் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை போன பிறகு பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் அம்மிக் குழவியைத் தூக்கி வந்து வெளியிலிருந்து கதவைப் பிளந்தார்கள். அதனால்தான் இன்றைக்கு நான் எழுதுகிறேன், நீங்கள் படிக்கிறீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அந்தப் பின்வாசலில் கதவு கிடையாது. தார்ப்பாய்தான். ஆம்பிளை இல்லாத வீட்டுக்குள் வந்து வேலை செய்ய முடியாது, யாராவது ஒருவர் நிற்க வேண்டும் என்றார் தச்சர். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் நிற்கிறேன் என்று மஹ்மூது காக்கா சொன்னார்கள். தச்சர் வந்த நாளில் காக்காவுக்கு ஜோலி, காக்கா வந்த நாளில் தச்சருக்கு வேறு ஊரில் வேலை. காற்றில் தார்ப்பாய் படபடக்கும்போதெல்லாம் உம்மா எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். நம் தெருவில் இப்படி எத்தனை வீடு என்று நினைக்கிறீர்கள்? ஆண்கள் எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம். இங்கே ஒரு தாழ்ப்பாள் கழன்றால் பெருநாள் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

என்னோடு காலேஜில் படித்த ஜெபசுதாவை உங்களுக்குத் தெரியும், நம் கல்யாணத்துக்கு வந்திருந்தாள். இப்போது தூத்துக்குடியில் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுக்கு டீச்சர். அவளிடம் கேட்டேன். சனிக்கிழமை தோறும் அவள் வீட்டுக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். எட்டு மாதம். உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பதை வெள்ளிக்கிழமை கேட்டுவிட்டேன்.

நான் ட்யூஷன் எடுத்துச் சேர்த்ததை எடுத்துக்கொண்டு அவளோடு தூத்துக்குடியில் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி பெயர் சிவபாலன். ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து முன்னால் வைத்தார். "தங்கச்சி, நூத்தெட்டு சாமான் இருக்கு, வீட்டுக்கு இது போதும்" என்றார். திறந்து பார்த்தேன். பாதி என்னவென்றே புரியாத சின்னச் சின்ன முனைகள். அதிலிருந்த, திருகாணி முடுக்குகிற திருப்புளியைக் கட்டைவிரலால் அழுத்தினால் வளைகிறது. வேண்டாம் அண்ணாச்சி, எனக்குப் பத்துப் பன்னிரண்டு சாமான் போதும், ஒவ்வொன்றாகக் காட்டுங்கள் என்றேன்.

சுத்தியலில் அரைக் கிலோவை நீட்டினார். இரண்டு தடவை வீசியதுமே மணிக்கட்டு இழுத்தது. அதற்கும் சின்னது, அதற்கும் சின்னது என்று ஐந்து சுத்தியலை வீசிப் பார்த்துத்தான் ஒன்றை எடுத்தேன். ஆணி பிடுங்குகிற பிளவு உள்ளது. உளி அரை இஞ்சும் ஒரு இஞ்சும். ரம்பம் ஒன்று. கதவு உப்பினால் சீவ இழைப்புளி. மட்டம் பார்க்க ரசமட்டம், குறடு, திருகு ஸ்பேனர், நல்ல இரும்பில் திருப்புளி நான்கு. நெம்புவதற்கு ஒரு முழ நீளக் கம்பி. அந்தக் கம்பியை முதலில் எடுத்தேன் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும்.

டிரில் மெஷினில்தான் வாக்குவாதம். இப்போது எல்லாரும் பேட்டரி மெஷின்தான் வாங்குகிறார்கள் என்று அண்ணாச்சி விடவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் தொடுகிற வீட்டில் பேட்டரி சும்மா கிடந்தே செத்துப்போகும், வயர் வைத்ததே போதும் என்றாள் ஜெபசுதா. கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று அவர் மடக்கினார். கரண்ட் போனால் கையால் செய்வதற்குத்தான் மற்றதெல்லாம் வாங்கியிருக்கிறேன் என்றேன். அவர் கான்கிரீட்டும் துளைக்கிற மெஷினைத் தானே உள்ளேயிருந்து எடுத்து வந்தார். கண்ணாடியும் கையுறையும் சேர்த்து வைத்தார். வெட்டுகிற கிரைண்டரை மட்டும் வாங்கவில்லை. அதை ஓட்ட எனக்கு இன்னும் கை வரவில்லை. வரும்.

இனி அறைக்கு வருகிறேன். மாப்பிள்ளை அறை என்று கட்டிலும் ஏசியும் போட்டு அந்த அறையை உங்களுக்காக வைத்திருந்தோம். இந்த ஆறு வருஷத்தில் நீங்கள் அதில் படுத்தது மொத்தம் எண்பது நாள். மற்ற நாளெல்லாம் பூட்டியே கிடந்தது. வியாழக்கிழமை தோறும் நான் திறந்து விரிப்பை மாற்றி, யாரும் படுக்காத விரிப்பைத் துவைத்துக் காயப்போடுவேன். மச்சான், அது எனக்கு வலித்தது. காக்கா சொன்னதுபோல உங்களை அவமதிக்க நான் அந்த அறையை எடுக்கவில்லை. அது பின்வாசலை ஒட்டிய அறை, பெண்கள் தெருவுக்கு வராமல் முடுக்கு வழியாக வந்து போகலாம். ஏசிக்குப் போட்ட பெரிய பிளக் பாயின்ட் மெஷினுக்கு உதவும். வெளிச்சமும் உண்டு.

ஜன்னலுக்குக் கீழே மேசை. உயரம் என் இடுப்புக்குச் சரியாக. சுவரில் ஒரு பிளைவுட் பலகை அடித்து, ஒவ்வொரு சாமானையும் அதில் வைத்து அதன் உருவத்தைப் பேனாவால் சுற்றி வரைந்திருக்கிறேன். எது இடத்தில் இல்லையோ அதன் வெறும் உருவம் கண்ணில் படும். தேடவே வேண்டாம். தினமும் எடுப்பது கைக்கெட்டும் உயரத்தில், எப்போதாவது எடுப்பது மேலே. ஆணியும் திருகாணியும் ஹார்லிக்ஸ் பாட்டில்களில், அளவு எழுதி ஒட்டி. நம் ஊர் உப்புக்காற்றுக்கு இரும்பு ஒரு வாரம் தாங்காது. அதனால் வேலை முடிந்ததும் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துத்தான் மாட்டுவேன். சுவரில் வெள்ளம் நின்ற கறை இன்னும் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு சாமானும் கிடையாது. பின்வாசலுக்குக் கதவு நானே மாட்டினேன். அடியில் அரை விரல் வெளிச்சம் தெரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திறக்கிறது, மூடுகிறது.

போன வாரம் காக்கா வந்து இதைப் பார்த்தார்கள். "தம்பி படுக்குற ரூமுல ஆணி அடிச்சு வச்சிருக்கிய. நாளைக்கு அவன் வந்தா எங்கன படுப்பான்?" என்று கேட்டார்கள். மாடி அறையில் படுப்பார்கள், கட்டிலை அங்கே ஏற்றியாகிவிட்டது என்றேன். காக்கா கடைக்குப் போய் ஒரு பூட்டும் கொண்டியும் வாங்கி வந்து, அறைக்கு வெளியே மாட்டிப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "தம்பி முஸம்மில் வந்து தொறக்கட்டும்" என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

இது என் உம்மா எனக்குத் தந்த வீடு. நம் ஊரில் வீடு பெண்ணுக்குத்தானே? என் வீட்டு அறைக்கு வேறொருவர் பூட்டுப் போட்டுப் போகிறார்கள். கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு பார்த்தால் பூட்டுக் கொண்டியின் நான்கு திருகாணியும் வெளியேதான் இருக்கின்றன. ஒரு திருப்புளி அடுக்களையில் கிடந்தது. பத்து நிமிஷம். பூட்டை உடைக்கவில்லை. கொண்டியோடு கழற்றித் துணிப்பையில் போட்டு, நான்கு திருகாணியையும் காகிதத்தில் மடித்து வைத்து, காக்கா வீட்டுக்கே கொடுத்தனுப்பினேன். அன்றைக்குத்தான் காக்கா உங்களுக்குப் போன் செய்தார்கள்.

நேற்று நடந்ததைக் காக்கா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். காக்காவின் மனைவி ஜைனப் லாத்தா முடுக்கு வழியாக வந்தார்கள். "ஏளா ரிஃப்கா, எங்க பாத்ரூம் கதவுல தாழ்ப்பா இல்ல. ஒரு மாசமா வாளிய முட்டுக் கொடுத்துத்தான் குளிக்கேன். வந்து மாட்டித் தாளா" என்றார்கள். காக்காவுக்குத் தெரிந்தால் என்று நான் இழுத்தேன். "அவுஹ கேட்டா உன் பேரத்தான் சொல்லுவேன். எனக்கென்ன பயமா?" என்றார்கள். மெஷினை எடுத்துப் போய் மாட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அஃப்ஸல் வந்தான். கையில் அந்தப் பூட்டின் சாவி. வாப்பா கொடுக்கச் சொன்னார்கள் என்றான். வேறு ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். "இல்ல சாச்சி. பாத்ரூம் கதவ நாலு தடவ தொறந்து தொறந்து மூடிப் பாத்தாங்க. பொறவு சாவிய எடுத்துத் தந்தாங்க" என்றான். காக்காவின் மேல் எனக்கு இருந்த கோபம் அதோடு போய்விட்டது.

அவன் அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னான். "சாச்சாவும் இப்ப கம்பெனிக்குப் போறதில்லையே, ஊர்ல வந்து உங்களோட இத செய்யலாம்." என் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். தெரியும் என்று நினைத்துவிட்டேன் சாச்சி என்றான். அவனைத் திட்டாதீர்கள்.

ஐந்து மாதமாக உங்களுக்கு வேலை இல்லையாமே. பகலில் எப்போது கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுக்கிறீர்கள், பின்னால் கம்பெனி மெஷின் சத்தமே கேட்பதில்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். எனக்கு என் கோபம் பெரிதாக இருந்தது.

மச்சான், ஊருக்கு வராமலிருக்க அந்த அறையைக் காரணமாகச் சொல்லாதீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அறையை மாற்றாமலே நீங்கள் வரத்தான் போகிறீர்கள். பெட்டி நிறையச் சாமானோடு வந்து இறங்க வேண்டும் என்று இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. தெரு என்ன சொல்லும் என்றால், சொல்லட்டும். என்னையும்தான் கொஞ்ச நாளாகச் சொல்கிறது. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு துளை போடப் பழகிவிட்டேன். உங்களுக்கும் கொஞ்சம் பஞ்சு தருகிறேன்.

அல்லாஹ் உங்கள் மனதிலிருக்கும் பாரத்தை இறக்கி, வெறுங்கையோடு என்றாலும் நல்ல உடம்போடு உங்களை எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பானாக. டிக்கெட் போட்ட பிறகு போன் செய்யுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.

உங்கள் சொல்லை முதன்முறையாகக் கேளாத,
உங்கள் ரிஃப்கா